பெரிய மீன் நல்லாத்தான் இருக்கு, முட்டைதான் நிக்கல: கொளத்தூர் தொட்டிக்காரர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சென்னையில் வண்ணமீன் வளர்ப்பு நடக்கும் கொளத்தூர், ரெட்டேரி, மாதவரம் பக்கத்திலிருந்து எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் தொடங்கும். "அண்ணே, ஏஞ்சல் மீன் ஜோடி முட்டை வெச்சுது. மறுநாளே எல்லாம் வெள்ளையாயி செத்துப்போச்சு. இன்னா மருந்து போடலாம்?" தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கொஞ்சம் கோபம்கூட வரும். "தண்ணியெல்லாம் சூப்பர்ண்ணே. பெரிய மீன் ஒண்ணுகூட சாவலையே."

அங்கேதான் கணக்கு தப்புகிறது. வளர்ந்த மீன் சாகாததை வைத்துத் தண்ணீருக்கு நற்சான்று கொடுக்க முடியாது. ஒரு முட்டை குஞ்சாக வேண்டுமென்றால் நடக்க வேண்டிய வேலைகளைப் பாருங்கள். மூளை தனக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல வேண்டும், பிட்யூட்டரி சினைப்பைக்குச் சொல்ல வேண்டும், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கேட்டுக் கல்லீரல் மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்து ரத்தத்தில் அனுப்ப வேண்டும். அதன்பின் ஆண் மீனின் விந்தணு தண்ணீரில் விழுந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முட்டையின் சின்னத் துளையைக் கண்டுபிடிக்க வேண்டும். வைத்த முட்டை முதல் ஒரு மணி நேரம் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சி வீங்கும், அதில் என்ன கலந்திருந்தாலும் சேர்த்துத்தான். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் குஞ்சு இல்லை. அதை அறுக்க, பெரிய மீனைக் கொல்லும் அளவில் சிறு துளி போதும்.

அதனால் என்ன மருந்து என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்று பாருங்கள். கீழே உள்ளதை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டியில் நடப்பது எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதலில் குளோரின், அம்மோனியா, உப்பு

பூச்சிமருந்து என்று சொல்லிக்கொண்டு வரும் கேஸ்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றாகவே முடிகிறது. சொன்னால் ஏமாற்றமாக இருக்கும், ஆனாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மெட்ரோ வாட்டரானாலும் லாரித் தண்ணீரானாலும் குளோரின் சோதனைத் துளி இரண்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் ஏறினால் ஹைப்போ (குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்) போடுங்கள். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் சுமார் 7 மில்லிகிராம் ஹைப்போ வேண்டும். அதாவது 1000 லிட்டர் தொட்டிக்கு 7 கிராம். கைப்பிடி கணக்கில் அள்ளிப் போடுவது நம்ம ஏரியா பழக்கம், அதை விட்டுவிடுங்கள். லாரி வந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: எந்தக் கிணற்றில் ஏற்றியது? சோழவரம், பொன்னேரி பக்கம் நெல் வயலை ஒட்டிய கிணறு என்றால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அம்மோனியாவைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, பிஹெச்சோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெப்பத்தில் பிஹெச் 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் அது ஆறேழு பங்கு. 9 ஆனால் 40 பங்கு. புது சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு இறங்கி பிஹெச் ஏறிவிடும் என்பதால்தான் பெரியவர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நாள்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி விட்டார்கள்.

உப்புக்கு, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். மீஞ்சூர், மணலி வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்ததில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. அந்தப் போர் தண்ணீரில் மோலி மீன் கொண்டாட்டமாகக் குட்டி போடும், ஏஞ்சல் முட்டை மட்டும் பொரிக்காது. அதை விஷமென்று சொல்ல மாட்டேன், அந்த மீனுக்கு ஆகாத தண்ணீர், அவ்வளவுதான். மழைநீரையோ ஆர்ஓ நீரையோ கலந்து இறக்குங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் பிரச்சினை போகவில்லையா? மேற்கொண்டு படியுங்கள்.

"ஆண் துரத்தவே இல்ல, பெண்ணு வயிறு பெருக்கவே இல்ல"

வயது, தீனி, வெப்பம் மூன்றும் சரியென்று வைத்துக்கொள்வோம். இரண்டாகப் பிரியுங்கள். பெண் வயிறு பெருத்திருக்கிறது, ஆண் கண்டுகொள்ளவில்லை என்றால் அது ஒன்று. பெண்ணுக்குச் சினையே பிடிக்கவில்லை என்றால் அது வேறு.

முதல் வகையில் மூக்கைச் சந்தேகப்படுங்கள். கோல்டு ஃபிஷ் பெண் முட்டைக்குத் தயாரானதும் தண்ணீரில் வாசனைப் பொருளை விடுகிறது. அதை மோந்துதான் ஆண் துரத்துகிறது. அட்லாண்டிக் சால்மன் ஆண் மீன்களைச் சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து சிறிதளவு கலந்த தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது பெண் விடும் அந்த வாசனை அவற்றுக்குத் தெரியாமல் போனது. அந்த அளவு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் வெகு கீழே. சால்மன் குளிர்நாட்டு மீன்தான், ஆனால் சைபர்மெத்ரின் நம் வீட்டுச் சமாச்சாரம்: கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ் வகையறா. தொட்டி ஸ்டாண்டின் காலில் எறும்பு ஏறாமலிருக்கச் சாக்பீஸ் கோடு போடும் ஆளா நீங்கள்? அழித்துவிட்டுக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

தாமிரமும் மூக்கை மழுங்கடிக்கும். நத்தைக்கும் பாசிக்கும் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போட்ட தொட்டியில் சில வாரம் கழித்து ஜோடி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரை மாற்றினாலும் அடிமண்ணில் அது இருக்கும். மென்னீரில் தாமிரம் இன்னும் கொடியது. ஏஞ்சலுக்காக டிடிஎஸ்ஸை இறக்கினோமே, அதே தண்ணீரில் என்பதைக் கவனிக்கவும்.

இரண்டாவது வகை, சினையே பிடிக்காதது. நம் நாட்டு ஆய்வகங்களில் குரவை, தேளி மாதிரி நன்னீர் மீன்களை வைத்துப் பல காலமாகப் பார்த்திருக்கிறார்கள். மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்தானாலும் பழைய குளோரின் வகையானாலும் விளைவு ஒரே திசையில்தான்: சினைப்பை எடை குறைகிறது, மஞ்சள் கரு சேர வேண்டிய முட்டைகள் பாதியில் நின்று உடலுக்குள்ளேயே கரைந்துபோகின்றன. அந்தக் குளோரின் வகையைச் சேர்ந்த எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011இல் நிறுத்தியது. அது மீனுக்கு எவ்வளவு கொடியது என்று வயலோரக் குட்டையில் மீன் பிடித்தவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும்.

இங்கே நான் முதலில் கேட்பது தீனி. டியூபிஃபெக்ஸ் புழு எங்கே வாங்குகிறீர்கள்? அந்தச் செம்புழு சாக்கடைச் சேற்றில்தான் கொழிக்கும். ஓட்டேரி நல்லா, பக்கிங்காம் கால்வாய் மாதிரியான இடத்துச் சேற்றில் எது படிந்திருக்கிறதோ, ஈயமோ காட்மியமோ, அதெல்லாம் புழுவின் உடம்பில் சேர்ந்து உங்கள் தாய் மீனுக்குள் போகிறது. மூன்று நாள் ஓடும் தண்ணீரில் புழுவைக் கழுவினால் குடலில் உள்ள அழுக்குப் போகும், சதையில் உள்ள உலோகம் போகாது. ஒரு மாதம் புழுவை நிறுத்தி, வீட்டில் வளர்த்த மொய்னா, ஆர்ட்டீமியா என்ற பொடி உயிர்த்தீனி மட்டும் கொடுத்துப் பாருங்கள். நாலு நாளில் பலன் கேட்காதீர்கள். மஞ்சள் கரு சேர வாரக்கணக்கில் ஆகும்.

"முட்டை வெச்சுது, ஒரு நாள்ல எல்லாம் வெள்ளை"

அதிகமாக வருவதும் இதுதான், நான் அதிகமாக இழந்ததும் இதில்தான்.

அபத்தமான காரணத்தை முதலில் ஒதுக்குவோம். ஏஞ்சலில் இரண்டு பெண் ஜோடி சேர்ந்து, ஒழுங்காக முட்டை வைக்கும் பைப்பைச் சுத்தம் செய்து, வரிசையாக முட்டையும் வைக்கும். விந்து எங்கிருந்து வரும்? முட்டை எண்ணிக்கை வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்து எல்லாம் வெள்ளையானால், மீன்களின் முட்டைக்குழாயை உற்றுப் பாருங்கள்.

அடுத்து, எப்படி வெள்ளையாகிறது? அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளுத்துப் பஞ்சு கட்டி, பக்கத்து முட்டைக்குப் பரவினால் பூஞ்சை. மெத்திலின் ப்ளூவைத் தண்ணீர் வெளிர்நீலம் ஆகும் வரை விட்டு, காற்றை முட்டை மேல் படாமல் பக்கத்தில் வையுங்கள். ஒரேயடியாக 24 மணி நேரத்துக்குள் மொத்தமும் வெளுத்தால் முட்டை கருவுறவில்லை, அல்லது அந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அடிபட்டிருக்கிறது. மெத்திலின் ப்ளூ இதற்கு எதுவும் செய்யாது.

என் கதை இது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம், என் நாலு ஜோடி ஏஞ்சலும் வரிசையாக வெள்ளை முட்டை வைத்தன. ஆண்களுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி இரண்டு ஜோடியை அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன். புது ஜோடி வாங்கினேன். அதுவும் வெள்ளை. வெப்பத்தை ஏற்றினேன், இறக்கினேன், பாதாம் இலை போட்டேன். குளோரின் இல்லை, அம்மோனியா இல்லை, டிடிஎஸ் எப்போதும் போல. பெரிய மீன்கள் தீனிக்கு ஓடி வந்தன, நிறம்கூட மங்கவில்லை. கொளத்தூரில் இருபது வருடமாக மீன் வளர்க்கும் ஒரு அண்ணனிடம் புலம்பினேன். அவர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மொய்னா எப்படி இருக்குது தம்பி?" என்றார். மொய்னாத் தொட்டி ஒரு மாதமாகவே படுத்துவிட்டது, தீனி போதவில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். "அத மொதல்ல சொல்ல மாட்டியா? மீன்கிட்ட கேட்டா பொய் சொல்லும்பா. மொய்னா சொல்லாது."

அவர் சொல்லிக்கொடுத்ததை அதற்குப் பிறகு முறையாக்கிக்கொண்டேன். மொய்னாவும் அதன் உறவான டாஃப்னியாவும் பூச்சியினத்துக்கு நெருங்கிய ஓட்டுடலிகள். பூச்சியைக் கொல்லச் செய்த மருந்துகளில் பல மீனைத் தொடுவதற்கு வெகு முன்பே இவற்றைக் கொல்லும். ஆய்வகங்களில் தண்ணீரின் நச்சுத்தன்மையை அளக்க டாஃப்னியாவை 48 மணி நேரம் விட்டுப் பார்ப்பது பழைய முறை. வீட்டிலும் செய்யலாம். சோப்புப் படாத கண்ணாடி பாட்டில் நாலு எடுங்கள். முதலாவதில் உங்களுக்கு நம்பிக்கையான தண்ணீர், அதாவது நல்ல மொய்னா ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் வீட்டுத் தண்ணீர். இரண்டாவதில் சந்தேகத் தண்ணீர் அப்படியே. மூன்றாவதில் அதே தண்ணீரில் ஹைப்போ போட்டது. நாலாவதில் அதே தண்ணீரை மீன் கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் வழியாக ஒரு நாள் சுற்றவிட்டது. ஒவ்வொன்றிலும் பத்து மொய்னா, சொட்டுக் குழாயால் மெதுவாக. தீனி வேண்டாம், வெயில் வேண்டாம். 24 மணி நேரத்தில் ஒருமுறை, 48 மணி நேரத்தில் ஒருமுறை எண்ணுங்கள்.

நல்ல தண்ணீரிலேயே ஒன்றுக்கு மேல் செத்தால் சோதனை செல்லாது, திரும்பச் செய்யுங்கள். இரண்டாவதில் செத்து மூன்றாவதில் பிழைத்தால் குளோரின்தான். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் செத்து, கார்பன் வழியாகப் போன நாலாவதில் பிழைத்தால் அது பூச்சிமருந்து மாதிரி ஏதோ கரிமப் பொருள். நாலாவதிலும் செத்தால் உலோகத்தையோ உப்பையோ பாருங்கள், கார்பன் அவற்றைச் சரியாகப் பிடிக்காது.

என் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் பாட்டில்கள் இரண்டிலும் மறுநாள் காலையே பத்தும் அடியில் கிடந்தன. கார்பன் பாட்டிலில் எட்டு நீந்திக்கொண்டிருந்தன. எங்கள் கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிப் பக்கத்து மனையில் வீடு கட்ட அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். "கரையான் மருந்துப்பா. குழி பூரா ஊத்துனோம். பால் மாதிரி இருக்கும். வருசக்கணக்கா நிக்கும்" என்று பெருமையாகச் சொன்னார். கட்டடத்துக்கு முன்னால் மண்ணில் ஊற்றும் கரையான் மருந்துகள் குளோர்பைரிபாஸ், இமிடாகுளோப்ரிட் போன்றவை. மண்ணில் நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தவை. மழை வலுத்ததும் மேல்நீர்க் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. கரையானுக்கு மருந்து ஊற்றுவது அவர் வேலை, கிணற்றில் மீன் தொழில் ஓடுகிறது என்று நான்தான் சொல்லவில்லை. விற்ற இரண்டு ஜோடிதான் இன்னும் வலிக்கிறது. வாங்கிப்போனவர் வீட்டில் அவை மூன்றாம் வாரம் நல்ல முட்டை வைத்தன.

இன்னும் கூர்மையாகப் பார்க்க விரும்பினால் முட்டையைப் பங்கு போடுங்கள். ஜோடியை மூன்று வாரம் நல்ல தண்ணீரில் வைத்து, அதிலேயே முட்டை வைக்க விடுங்கள். மூன்று மணி நேரம் கழித்துப் பாதி முட்டையைச் சந்தேகத் தண்ணீருக்கு மாற்றுங்கள். அங்கே போனது மட்டும் கெட்டால் தண்ணீர் கருவைத் தாக்குகிறது. இரண்டு பாதியும் பொரித்தால் தண்ணீர் அதற்கு முந்தைய கட்டத்தை, விந்தையோ கருவுறுதலையோ, கெடுக்கிறது. முட்டையை மட்டும் வேறு தண்ணீரில் வைக்க வைத்தால் போதும். இரண்டு பாதியும் கெட்டால் தாய் தந்தையையே பாருங்கள்.

தண்ணீரை வெளியில் சோதனைக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரணக் குடிநீர்ச் சோதனைச் சீட்டில் பிஹெச், கடினத்தன்மை, குளோரைடு இவைதான் இருக்கும். பூச்சிமருந்து எச்சம் தனிச் சோதனை, தனிக் கட்டணம். கேட்டு எழுதிக் கொடுங்கள், கண்ணாடி பாட்டிலில் ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோங்கள்.

"ஃபைட்டர் நுரைக்கூடு கட்டுது, காலைல கலைஞ்சு போவுது"

தண்ணீரின் மேற்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வானவில் மாதிரி மினுங்கினால் எண்ணெய்ப் படலம். கொசுவுக்கு அடிக்கும் புகை மருந்தில் பூச்சிக்கொல்லியை டீசலில் கலந்துதான் புகைப்பார்கள். மொட்டை மாடியில் திறந்து வைத்த ஃபைட்டர் டப்பாக்களில் அது படியும். எண்ணெய் நுரையை உடைக்கும், கூடு நிற்காது, முட்டை கீழே விழும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் பாலிதீன் போட்டு மூடுங்கள், ஏர் பம்பை அரை மணி நிறுத்துங்கள். பம்ப் வெளிக்காற்றைத்தான் உறிஞ்சித் தொட்டிக்குள் தள்ளுகிறது. இரவெல்லாம் கொசு லிக்விட் எரியும் அறையில் பம்ப் வைத்திருப்பவர்கள் அதை இன்றே வேறு அறைக்கு மாற்றலாம். தெருவோரப் பாதாம் மரத்து இலையைக் கழுவாமல் போடுவதும் இதே கணக்குதான். படலம் இருந்தால் செய்தித்தாளை மேலே விரித்து இழுத்து எடுத்துவிடுங்கள்.

கொசுப்புழு பார்க்க வருகிறவர்களிடம் தொட்டியில் மீன் இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் விடும் டெமிபாஸ் சொட்டு உங்கள் பெரிய மீனை ஒன்றும் செய்யாமல் போகலாம், மொய்னாத் தொட்டியைத் துடைத்துவிடும்.

"முட்டைல கண் தெரிஞ்சுது, பொரிச்சுது, ஆனா குஞ்சு கோணலா இருக்கு"

கோணல் எப்போது வந்தது என்பதே பாதி விடை. பொரித்த அன்றே வளைந்திருந்தால் முட்டைக்குள் நடந்தது. மூன்று வாரம் நேராக நீந்திவிட்டு வளைந்தால் தீனியில் வைட்டமின் சி போதவில்லை. ஒரே ஜோடியின் குஞ்சுகளில் மட்டும் வந்தால் ரத்த சொந்தத்தில் கட்டிக் கட்டி வந்த வினை. வேறு வேறு ஜோடி, வேறு வேறு இனம், எல்லாவற்றிலும் ஒரே வாரத்தில் வந்தால் தண்ணீர்.

பாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை அணைக்கும் நொதியை முடக்குகின்றன. தசை இறுகியே இருக்கும், இளம் முதுகெலும்பு அந்த இழுப்பில் வளைகிறது. குஞ்சு துடிதுடித்து வட்டம் போடுகிறதா என்றும் பாருங்கள்.

வயிற்றுப் பக்கம், இதயத்தைச் சுற்றி நீர் கோத்துப் பலூன் மாதிரி இருந்தால் நான் எண்ணெயை நினைப்பேன். கச்சா எண்ணெயில் உள்ள சில சேர்மங்கள் மீன் கருவின் இதயம் உருவாவதையே குலைக்கும். 1989இல் அலாஸ்காவில் எண்ணெய்க் கப்பல் மோதி உடைந்தபின் ஹெர்ரிங், சால்மன் முட்டைகளில் இதை விரிவாகப் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலையாற்றிலும் படிந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். அந்தப் பக்கத்து நீர்நிலைகளிலிருந்து ஆகாயத்தாமரை வேரையும் வேலம்பாசியையும் கோல்டு ஃபிஷ் முட்டைக்காக அள்ளி வருகிறவர்கள் நைலான் நார்க் கொத்துக்கு மாறிவிடுங்கள். காசும் மிச்சம், நத்தையும் வராது.

"கப்பி பெண்ணுக்கெல்லாம் கலர் ஏறுது, குட்டி இல்ல"

ஆற்றில் கலக்கும் ஹார்மோன் மீனைப் பாலினம் மாற்றுகிறது என்று எங்கோ படித்துவிட்டுப் பயந்து கேட்கிறார்கள். படித்தது பொய் இல்லை. கனடாவில் ஒரு சோதனை ஏரியில் கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை 2001 முதல் மூன்று கோடைகள் கலந்தார்கள், லிட்டருக்கு 5, 6 நானோகிராம் என்ற அளவில். ஆண் மீன்கள் மஞ்சள் கருப் புரதத்தைச் சுரக்க ஆரம்பித்தன, ஏரியில் இருந்த ஒரு சிறு கெண்டையினம் கிட்டத்தட்ட அற்றே போனது. இங்கிலாந்தில் கழிவுநீர் நிலையங்களுக்குக் கீழே வாழும் ஆண் மீன்களின் விந்துப்பைக்குள் முட்டை கண்டார்கள். எதிர்த்திசையிலும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காகித ஆலைக் கழிவு ஓடும் ஓடையில், நாம் கொசுப்புழுவுக்காகக் கிணற்றில் விடும் அதே கம்பூசியாவின் பெண் மீன்களுக்கு அடித்துடுப்பு நீண்டு ஆணுக்குரியதுபோல் ஆகியிருந்தது.

ஆனால் உங்கள் கப்பிக்குக் காரணம் அவ்வளவு தூரத்தில் இல்லை. வாங்கிய இடத்தில் யாரோ தீனியில் ஆண் ஹார்மோன் கலந்திருக்கிறார்கள். கலர் ஏறினால் விலை ஏறும் அல்லவா? ஹார்மோனால் மீனின் பாலினத்தை மாற்றும் அறிவியலில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாண்டியன் செய்த ஆய்வுகள் உலகறிந்தவை. அந்த அறிவின் ஓரத்துணுக்கு மட்டும் சந்தைக்கு வந்து இப்படி நிற்கிறது. பிரித்தறிய ஒரு வழி: உங்கள் வீட்டிலேயே பிறந்த பழைய வம்சத்துக் குட்டி இருபதை அதே தண்ணீரில் வளருங்கள். அவற்றில் பெண் பெண்ணாக வளர்ந்தால் தண்ணீர்மீது பழி இல்லை, கடையை மாற்றுங்கள். அவற்றுக்கும் அடித்துடுப்பு நீண்டால் அப்போது கழிவுநீர்க் குழாய் உங்கள் கிணற்றோரம் உடைந்திருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள்.

கப்பியில் இன்னொரு சூட்சுமம். பெண் ஒருமுறை இணை சேர்ந்தால் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொண்டு குட்டி போடும். இன்று ஆண்கள் எல்லாம் மலடானாலும் மூன்று நாலு மாதம் உங்களுக்குத் தெரியாது. குட்டி திடீரென்று நின்ற மாதத்தை விட்டுவிட்டு, நோட்டில் நாலு மாதம் பின்னால் போய்த் தேடுங்கள்.

"மழை பெஞ்சுது, காலைல எல்லாம் மிதக்குது"

இது வேறு அவசரம். எது முதலில் செத்தது? பெரியவை செத்து, சிறியவை விடிகாலையில் வாயைத் திறந்து மேலே நின்றால் ஆக்சிஜன் இல்லை. 30 டிகிரியில் தண்ணீர் முழுக்க நிறைந்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் பிடிக்கும், முதல் மழை அடித்துவரும் சாக்கடை அதையும் தின்றுவிடும். ஏரிகளில் ஐப்பசி முதல் மழைக்குக் கெண்டை மிதப்பது பெரும்பாலும் இதனால்தான். குஞ்சும் சிறியதும் முதலில் செத்து, பெரியவை துடித்துக்கொண்டோ, மார்புத் துடுப்பை முன்னால் நீட்டி விறைத்தோ இருந்தால் மருந்து. மிச்சமிருப்பதை உடனே வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள், பிறகு காரணம் தேடலாம்.

தொட்டியைத் திரும்ப ஓட்டுவது

சைபர்மெத்ரின் போன்ற பைரித்திராய்டு வகை மருந்து தண்ணீரில் நிற்பதைவிடச் சேற்றிலும் பாசியிலும் அதிகம் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. அடிமண்ணையும் ஸ்பாஞ்சையும் தூக்கிப் போடுங்கள். சிமென்ட் சுவரைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டு, நிரப்பி, கார்பனை ஒரு வாரம் சுற்றவிடுங்கள். ஃபினாயிலும் சோப்பும் கிட்டே வரக்கூடாது. கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் திறந்துவிடாதீர்கள், அது ரெட்டேரிக்கோ கால்வாய்க்கோதான் போகும். செடி இல்லாத மண்ணில் ஊற்றுங்கள், கிணற்றிலிருந்து தள்ளி.

பிறகு பத்து மொய்னா, 48 மணி நேரம். பிழைத்தால் பத்துக் கப்பிக் குட்டி, ஒரு வாரம். அதுவும் பிழைத்தால்தான் ஜோடி. என் கிணறு இதில் முதல் படியைத் தாண்ட இரண்டு மழைக்காலம் ஆனது. அதுவரை மாடியில் பிடித்த மழைத்தண்ணீரில்தான் ஏஞ்சல் முட்டை வைத்தது. இப்போதும் மோட்டார் போடும் நாளில் ஒரு பாட்டில் எடுத்து ஜன்னலோரம் மொய்னா விட்டு வைக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, பேன் வளக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.